எழுதியவர்களைக் கேட்காமல் உரிமத்தை மாற்றலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியில் படம் பார்க்கிறவர்களுக்கு அந்த ஆரஞ்சு நிறக் கூம்பு பழக்கமானது. சாலையில் பள்ளம் தோண்டும்போது வைப்பார்களே, அதே கூம்பு. விஎல்சி பிளேயரின் சின்னம் அது. எந்த வகைக் கோப்பைக் கொடுத்தாலும் திறந்து காட்டிவிடும் என்று பெயர் வாங்கிய மென்பொருள். காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. அதன் மையப் பகுதிகளின் உரிமத்தை 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் மாற்றினார்கள். பயன்படுத்துகிற நம் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. ஆனால் அந்த மாற்றத்துக்காக நூற்றுக்கணக்கான பேரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. இவ்வளவு சிரமம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தேவை என்பதுதான் என் கருத்து. அதற்கான காரணங்களைத்தான் இன்று பேசப் போகிறேன்.

விஎல்சி தொடங்கியது 1996இல், பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரல் என்ற பொறியியல் கல்லூரியில். விடுதி மாணவர்களுக்கு வேகமான கணினி வலையமைப்பு தேவைப்பட்டது. அந்த வலையமைப்பின் வழியே தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அறைகளுக்கு அனுப்பிக் காட்டுவது என்று ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 1 அன்று, கல்லூரியின் அனுமதியோடு, மூலநிரல் முழுவதும் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வெளியானது. அதற்கப்புறம் கல்லூரிக்கு வெளியே இருந்தவர்களும், பிற நாட்டவர்களும் எழுதத் தொடங்கினார்கள். இன்று வீடியோலேன் என்ற லாப நோக்கமற்ற சங்கம் இதைப் பராமரிக்கிறது.

உரிமம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதியவருக்கு, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்போடு சேர்த்தே வைத்திருக்கிறது. எனவே இன்னொருவர் எழுதிய நிரலை அவர் அனுமதி இல்லாமல் நகலெடுக்கவோ மாற்றி வெளியிடவோ முடியாது. அந்த அனுமதியை, என்னென்ன நிபந்தனைகளோடு என்று முன்கூட்டியே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்து வைப்பதுதான் திறமூல உரிமம். ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை கறாரானது. இந்த நிரலை உங்கள் மென்பொருளில் சேர்த்து வெளியே கொடுத்தால், உங்கள் மென்பொருள் முழுவதையும் மூலநிரலோடு இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். எல்ஜிபிஎல் கொஞ்சம் இளகியது. நிரல் நூலகத்தில், அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்பில், நீங்கள் செய்கிற திருத்தங்களைத் திறந்து கொடுத்தால் போதும். அந்த நூலகத்தைப் பயன்படுத்துகிற உங்கள் சொந்த மென்பொருளை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

விஎல்சியின் உள்ளே இயங்கும் லிப்விஎல்சி என்ற நூலகத்தை ஜிபிஎல்லில் இருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற வேண்டும் என்ற முடிவுக்குப் பின்னால் ஒரு கசப்பான நிகழ்ச்சி இருக்கிறது. 2010இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் விஎல்சியை ஐபேடுக்கும் ஐபோனுக்கும் கொண்டுவந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அந்தக் கடையின் விதிகள் பயனர் மீது சில கூடுதல் கட்டுப்பாடுகளை வைக்கின்றன. கூடுதல் கட்டுப்பாடு எதையும் சுமத்தக் கூடாது என்கிறது ஜிபிஎல். விஎல்சியின் முக்கிய நிரலாளர்களில் ஒருவரே இதைச் சுட்டிக்காட்டி ஆப்பிளுக்குப் புகார் எழுதினார். 2011 ஜனவரியில் செயலி கடையிலிருந்து எடுக்கப்பட்டது. குழுவுக்குள் பெரிய மனவருத்தம். பயனர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததைத் தடுத்துவிட்டாரே என்று சிலர் கோபப்பட்டார்கள். நான் அந்த நிரலாளரின் பக்கம்தான் நிற்பேன். அவர் தன் உழைப்பை எந்த நிபந்தனையில் கொடுத்தாரோ அதைக் காப்பாற்றச் சொன்னார், அவ்வளவுதான். நிபந்தனை பொருந்தவில்லை என்றால் அதை முறைப்படி மாற்ற வேண்டும். கண்டும் காணாமல் மீறக் கூடாது.

அந்த முறைப்படியான மாற்றத்தைத்தான் அடுத்து செய்தார்கள். இங்கேதான் கேள்வி வருகிறது: யாரிடம் கேட்பது? சங்கத்தின் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதாதா? போதாது. பாட்டன் வழிச் சொத்தைப் போலத்தான் இதுவும். வீட்டில் யார் குடியிருந்தாலும், வரி யார் கட்டினாலும், மனை முழுவதையும் விற்க வேண்டும் என்றால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். துபாயில் இருப்பவரும்தான், பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவரும்தான். வீடியோலேன் சங்கம் யாரிடமிருந்தும் பதிப்புரிமையை எழுதி வாங்கியிருக்கவில்லை. பலர் கூடி ஆக்கிய படைப்பு அவர்கள் அனைவருக்கும் பொதுவானது, தங்கள் உரிமைகளை அவர்கள் ஒருமித்த சம்மதத்தோடுதான் பயன்படுத்த வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டமும் சொல்கிறது.

ஆக, முதல் வேலை பங்காளிகள் யார் யார் என்று பட்டியல் எடுப்பது. சங்கத்தின் தலைவர் ஜான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் முன்னின்று நடத்திய இந்த வேலையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிவு செய்துவைக்கும் கிட் போன்ற கருவிகளில், ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. ஆனால் கடைசியாகத் தொட்டவர் வேறு, எழுதியவர் வேறு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வேறு கோப்புக்கு நகர்த்தியிருப்பார். இடைவெளியைச் சரிசெய்ததாலேயே நூறு வரிகள் அவர் பெயரில் பதிவாகியிருக்கும். கிட்டுக்கு முந்தைய கருவிகளில் சிக்கல் இன்னும் அதிகம். சேமிப்பகத்தில் எழுதும் அனுமதி உள்ளவர் பெயர் மட்டும்தான் அவற்றில் பதிவாகும். வெளியாள் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிய திருத்தத்தை உள்ளே இருப்பவர் சேர்த்திருந்தால், அனுப்பியவர் பெயர் குறிப்பில் ஒரு வரியாக இருந்தால்தான் உண்டு. அப்புறம், வேறு திட்டங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த நிரல் இருக்கும். அதற்கு அந்தத் திட்டத்தில் எழுதியவரைத் தேட வேண்டும். அலுவலக வேலையாக எழுதியவர் என்றால் உரிமை பெரும்பாலும் முதலாளியிடம் இருக்கும், அங்கே அனுமதி கேட்க வேண்டும். இறந்துபோனவர் என்றால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும். ஏனென்றால் பிரான்ஸில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை, நம் நாட்டில் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது.

பத்து வருடத்துக்கு முன்னால் மாணவராக இருந்தபோது ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போனவரின் கல்லூரி மின்னஞ்சல் இப்போது வேலை செய்யாது. பெயர் இருந்த இடத்தில் வெறும் புனைபெயர் இருக்கும். இப்படிப்பட்டவர்களையெல்லாம் தேடி, விளக்கம் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கினார்கள். லிப்விஎல்சியின் மையப் பகுதி 2011 டிசம்பரில் எல்ஜிபிஎல்லுக்கு மாறியது. ஒலி, ஒளி வடிவங்களைக் கையாளும் துணைப் பகுதிகளில் பெரும்பாலானவை 2012 நவம்பரில் மாறின. பெரும்பாலானவை என்றுதான் சொல்கிறேன். சில பகுதிகள் மாறவில்லை, ஜிபிஎல்லிலேயே விட்டுவிட்டார்கள். விஎல்சி பிளேயர் என்ற முழு மென்பொருளும் ஜிபிஎல்லிலேயே தொடர்கிறது. 2013 ஜூலையில் விஎல்சி மறுபடியும் ஐபோனுக்கு வந்தது, இந்த முறை அதற்கேற்ற உரிமத்தோடு.

சரி, பதிலே வராதவர்களை என்ன செய்வது? இதில்தான் இன்னொரு பெரிய திட்டம் சர்ச்சையில் மாட்டியது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பெயரை நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது பல உலாவிகளில் முகவரிப் பட்டையில் ஒரு பூட்டு தெரியுமே, அந்தப் பாதுகாப்பை உலகத்தின் பெரும்பகுதி வழங்கிக் கணினிகளில் செய்து கொடுப்பது அதுதான். அதன் பழைய உரிமத்தில், விளம்பரத்தில் இன்னார் எழுதியது என்று குறிப்பிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனை இருந்தது. அதனால் ஜிபிஎல் மென்பொருள்களோடு அது பொருந்தவில்லை. சேர்த்துப் பயன்படுத்த நினைத்தவர்கள் தங்கள் உரிமத்தில் தனி விலக்கு எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பாச்சி என்ற இன்னொரு திறமூல உரிமத்துக்கு மாறப்போவதாக 2015இல் அறிவித்தார்கள். 2017 மார்ச்சில் ஏறக்குறைய 400 பங்களிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது.

ஓப்பன்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத் திட்டத்தைத் தொடங்கிய தியோ டி ராட் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் எதிர்த்தது நியாயம். பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாதபோது, அந்த மௌனத்தை ஒரு கையெழுத்தாக எப்படி எண்ண முடியும்? ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவின் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிவந்து உலகமே அவர்களைத் திரும்பிப் பார்த்த காலம் அது. சில பேரை வைத்துக்கொண்டு மலையளவு வேலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நோக்கத்தோடு செய்ததுதான். அவர்கள் அந்த வாக்கியத்தோடு நின்றுவிடவும் இல்லை. கிடைக்காதவர்களைத் தேடித் தரும்படி 2018இல் பொதுவில் வேண்டுகோள் விடுத்தார்கள். கடைசியில் 2021 செப்டம்பரில் வெளிவந்த 3.0 பதிப்புதான் அப்பாச்சி உரிமத்தோடு வந்தது. அறிவித்ததிலிருந்து 6 ஆண்டுகள்.

இந்த ஆறு ஆண்டுகளை வீண் என்று நினைக்கிறவர்கள், பங்களிப்பாளர்களிடம் முதலிலேயே உரிமையை எழுதி வாங்கிவிட்டால் வேலை சுலபம் அல்லவா என்பார்கள். சுலபம்தான். ஆனால் அந்தச் சுலபம் யாருக்குப் பயன்படுகிறது? எழுதி வாங்குவதுகூட வேண்டாம். உரிமமே இளகியதாக இருந்தாலும் இதே நிலைதான். ரெடிஸ் என்ற தரவுத்தளத்தைப் பாருங்கள். 2009இல் தொடங்கி பிஎஸ்டி என்ற இளகிய உரிமத்தில் வளர்ந்தது. அதன் மையம் பிஎஸ்டி உரிமத்திலேயே தொடரும் என்று 2018இல் பொதுவெளியில் சொன்னார்கள். 2024 மார்ச்சில் அதை நடத்தும் நிறுவனம், இனி வரும் பதிப்புகள் வேறு உரிமத்தில் என்று அறிவித்தது. புதிய உரிமங்கள் திறமூல வரையறைக்குள் வரவில்லை. சட்டப்படி இதில் தவறு இல்லை, பிஎஸ்டி அதற்கு இடம் கொடுக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. ஒரு வாரம்போல ஆனதும், ரெடிஸில் பல ஆண்டுகள் உழைத்த பங்களிப்பாளர்கள் கடைசித் திறமூலப் பதிப்பை எடுத்துக்கொண்டு லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற பெயரில் தனித் திட்டம் தொடங்கிவிட்டார்கள். ரெடிஸ் 2025 மே மாதத்தில் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. போனவர்கள் திரும்பவில்லை.

அந்த நிறுவனத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. தாங்கள் செலவு செய்து வளர்த்ததைப் பெரிய மேகக்கணினி நிறுவனங்கள் எடுத்து விற்றுக் காசு பார்க்கின்றன என்பது அவர்கள் குறை. உண்மைதான். ஆனால் அந்தக் குறையைப் பங்களிப்பாளர்கள் முன் வைத்துப் பேசியிருக்கலாம். எழுதியவர்களில் பலருக்கு முடிவுதான் தெரிந்தது, பேச்சு நடந்தது தெரியவில்லை.

கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை ஒரு திட்டத்துக்குக் காப்பும்கூட. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருவின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. 2007இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் ஆயிரக்கணக்கானவர்களின் சம்மதம் வேண்டும். யார் எந்த நிறுவனத்தை வாங்கினாலும் லினக்ஸை ஒரே இரவில் பூட்டிவைக்க முடியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற இளம் நிரலாளர்களுக்குச் சில வார்த்தைகள். நண்பர்களோடு சேர்ந்து ஒரு மென்பொருள் தொடங்கினால், முதல் நாளே உரிமம் எது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்து, கோப்பாகச் சேர்த்துவிடுங்கள். அனுப்புகிறவரின் உண்மைப் பெயரையும், கல்லூரி முடிந்தாலும் நிலைக்கிற ஒரு முகவரியையும் பதிவில் வையுங்கள். வேலையில் இருப்பவர் என்றால், அலுவலகப் பணியாக எழுதியதன் முதல் உரிமை நம் சட்டப்படி முதலாளிக்கே என்பதால், அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவரச் சொல்லுங்கள். என்றைக்காவது மாற்ற வேண்டி வந்தால், காரணத்தைச் சொல்லி, பதிலுக்குப் போதிய காலம் கொடுத்து, மாட்டேன் என்கிறவரின் வரிகளை எடுத்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளவும் தயாராக இருங்கள்.

எப்போதோ நீங்கள் நாலு வரி திருத்திக் கொடுத்த ஒரு திட்டத்திலிருந்து, உரிமத்தை மாற்றச் சம்மதமா என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அதைக் குப்பையில் தள்ளாதீர்கள். சம்மதம் என்றாலும், இல்லை என்றாலும், ஒரு வரி பதில் எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.