லெலே ஃபொரூட்: ஆறு ஆடுகளங்களுக்கு நடுவே ஒரு பயிற்சியாளர்

[காட்சி: கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அரங்கம். மாலை வெயில்.]

2011 மே 24. அமெரிக்கக் கல்லூரி மகளிர் டென்னிஸின் தேசிய இறுதிப் போட்டி. சொந்த மைதானத்தில் ஆடும் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிரணி ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். புள்ளிகள் 3-3. மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பது ஒன்று. அதன் மூன்றாவது செட்டில் ஸ்டான்ஃபோர்டின் மாலரி பர்டெட் 4-0 என்று முன்னிலையில் இருக்கிறார். இன்னும் இரண்டு கேம் எடுத்தால் கோப்பை.

அந்த இரண்டு கேம்களை ஃப்ளோரிடாவின் லாரன் எம்ப்ரீ அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. கேம்களை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் பிடித்து, ஆட்டத்தை டைபிரேக்கருக்கு (செட் 6-6 என்று சமமானால் முடிவு செய்யும் கடைசி கேம்) இழுத்து, அதை 8-6 என்று வென்றார். கோப்பை போனது. அதோடு, சொந்த மண்ணில் ஸ்டான்ஃபோர்டு தொடர்ந்து பெற்றுவந்த 184 வெற்றிகளின் வரிசையும் அங்கேயே அறுந்தது.

இந்தத் தோல்வியிலிருந்து ஒரு வெற்றிப் பயிற்சியாளரின் கதையைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அன்று ஸ்டான்ஃபோர்டின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் லெலே ஃபொரூட். அவர் தலைமையில் வந்த தேசியப் பட்டங்கள் பத்து. ஆனாலும் அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பதை அந்த ஒரு மாலை காட்டுவதுபோல் பத்துக் கோப்பைகளும் சேர்ந்து காட்டுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

[காட்சி: பக்கம் பக்கமாக ஆறு ஆடுகளங்கள், மேலிருந்து.]

முதலில் ஆட்ட முறையைப் பார்த்துவிடுவோம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் டென்னிஸ் தனியாளின் ஆட்டம். கல்லூரி டென்னிஸ் அணிகளின் மோதல். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள். அவற்றில் இரண்டை வென்ற அணிக்கு ஒரே ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழு, நான்கை முதலில் எடுத்தவர் வென்றவர்.

ஆறு ஒற்றையரும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நடக்கும். தொழில்முறைப் போட்டிகளில் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் வாய் திறப்பதே நெடுங்காலம் குற்றமாக இருந்தது. கல்லூரியில் அப்படி இல்லை. பயிற்சியாளர் ஆடுகளத்திற்குள்ளேயே வரலாம், இடைவேளையில் வீராங்கனையின் அருகே உட்கார்ந்து பேசலாம். களங்கள் ஆறு, பயிற்சியாளர்களோ இரண்டு மூன்று பேர். அப்படியானால் எந்தக் களத்தில் நிற்பது? யார் தனியாகவே சமாளித்துக்கொள்வார்? யாருக்கு ஒரு சொல் தேவை? யாருக்கு அந்த ஒரு சொல்லே பாரமாகிவிடும்? ஆண்டு முழுக்க அந்தப் பெண்களை அறிந்து வைத்திருக்கிற ஒருவரால்தான் இதை நொடியில் முடிவு செய்ய முடியும்.

[காட்சி: பழைய கருப்பு வெள்ளைப் படங்கள்.]

ஃபொரூட் அந்த இடத்திற்கு வெளியிலிருந்து வந்தவர் அல்லர். கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 1972இல் அமெரிக்காவில் வந்தது. அதன் பலன் மெல்ல மெல்ல மைதானங்களை எட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஸ்டான்ஃபோர்டு மாணவி. 1978இல் ஸ்டான்ஃபோர்டு மகளிர் டென்னிஸ் அணி முதல் தேசியப் பட்டம் வென்றபோது அந்த அணியில் ஆடினார். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிர் டென்னிஸுக்கென்று பட்டப் போட்டி நடத்தத் தொடங்கியதே 1982இல்தான். அதற்கு முன்பு பெண்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது; 1978இன் பட்டம் அதன் பட்டம்.

படிப்புக்குப் பின் தொழில்முறையில் ஆடினார். பிறகு பழைய அணிக்கே துணைப் பயிற்சியாளராகத் திரும்பினார். தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பிரென்னன். 1986 முதல் 1991 வரை தொடர்ந்து ஆறு தேசியப் பட்டங்களை எடுத்தவர், மொத்தம் பத்து. அவருக்குப் பக்கத்தில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஃபொரூட் இருந்தார். இந்த ஆண்டுகளை அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது வருத்தம். எந்தக் களத்தில் நிற்பது என்ற கேள்விக்கு விடை பழகும் இடம் அதுதானே! அந்த 184 வெற்றிகளின் வரிசைகூட 1999இல், அவர் துணைப் பயிற்சியாளராக இருந்தபோது தொடங்கியது.

2000இல் பிரென்னன் விலகினார், ஃபொரூட் பொறுப்பேற்றார். 2001, 2002 இரண்டிலும் பட்டம். பிறகு 2004, 2005, 2006 என்று மூன்று, மூன்று ஆண்டும் ஒரு தோல்விகூட இல்லாமல். அணிக்கு எதிராக அணி மோதும் ஆட்டங்களில் தொடர்ச்சியாக 89 வெற்றிகள். அந்தக் காலத்து ஸ்டான்ஃபோர்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிகத் திறமையான பெண்கள் வந்தார்கள், வென்றார்கள்.

[காட்சி: புள்ளிப் பலகை. 4-3 என்ற எண் மட்டும் நிற்கிறது.]

என்னைக் கட்டிப்போடுவது அதற்குப் பிந்தைய காலம். 2010 இறுதியில் ஃப்ளோரிடாவை 4-3 என்று வென்றார்கள். 2011இல் அதே ஃப்ளோரிடாவிடம் அதே 4-3இல் தோற்றார்கள். 2013இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை வென்றது 4-3. 2016இல் ஓக்லஹோமா ஸ்டேட்டை 4-3. 2018இல் வாண்டர்பில்ட்டை 4-3. ஐந்து இறுதிப் போட்டிகள், ஒவ்வொன்றும் கடைசிப் புள்ளிவரை. நான்கில் வெற்றி.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். போட்டிக்கு 64 அணிகள் வரும். அவற்றில் முதல் பதினாறுக்கு மட்டும் தகுதி வரிசை எண் கொடுப்பார்கள். 2013இல் ஸ்டான்ஃபோர்டின் எண் 12. 2016இல் 15. 2018இலும் 15. அந்த வரிசை பிப்ரவரியில், மார்ச்சில் கிடைத்த தோல்விகளை எல்லாம் கணக்கில் வைத்திருக்கிறது. ஆனால் பட்டம் மே மாதத்தில் முடிவாகிறது. பருவத்தின் தொடக்கத்தில் தோற்ற பெண்களைக் கலங்கவிடாமல், மே மாதத்தில் ஆறு களங்களிலும் தாங்கக்கூடியவர்களாக மாற்றியதுதான் ஃபொரூட்டின் கைவேலை. எண் ஒன்றாக வந்து வெல்வதைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

[காட்சி: மீண்டும் அதே அரங்கம், வேறொரு நாள்.]

சரி, 4-0 முன்னிலையை இழந்த மாலரி பர்டெட் என்ன ஆனார்? அணிப் போட்டி முடிந்ததும் தனிநபர் போட்டி அதே மைதானத்தில் தொடர்ந்தது. அந்தத் தோல்வி ஆறுவதற்குள், சில நாள்களிலேயே, ஹிலரி பார்ட்டுடன் இணைந்து தேசிய இரட்டையர் பட்டத்தை அவர் வென்றார். அடுத்த ஆண்டு ஒற்றையர் இறுதிக்கும் வந்தார். எதிரே நின்றவர் அவருடைய சொந்த அணித் தோழி நிக்கோல் கிப்ஸ். கிப்ஸ் வென்றார். பிறகு அந்த இருவரும் ஒரே பக்கம் நின்று ஆடி, அவ்வாண்டின் இரட்டையர் பட்டத்தையும் எடுத்தார்கள். ஒரு கோப்பைக்காக எதிரெதிரே நின்ற இரு பெண்கள் உடனே அடுத்த கோப்பைக்காகக் கைகோக்க முடிகிறது என்றால், அந்த அணிக்குள் என்ன மாதிரியான வீடு கட்டப்பட்டிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

[காட்சி: ஆர்லாண்டோ, 2019.]

2019 இறுதியில் ஜார்ஜியாவை 4-0 என்று வென்றார்கள். இந்த முறை கடைசிக் களத்திற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1978இன் பட்டத்தைச் சேர்க்காமல், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் போட்டியில் அது ஸ்டான்ஃபோர்டின் இருபதாவது பட்டம்: பிரென்னனின் பத்து, ஃபொரூட்டின் பத்து. அன்று ஃபொரூட்டுடன் ஆறு களங்களையும் பகிர்ந்துகொண்டு பயிற்சியாளராக நின்றவர் ஃபிராங்கி பிரென்னன், அந்த முதல் பத்தை வென்றவரின் மகன்.