ஈரக் கையும் சார்ஜர் ஒயரும்

வணக்கம் நேயர்களே. தீக்காயப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த மருத்துவன் நான். அங்கே அடிக்கடி காதில் விழுந்த கேள்வி, "போன் சார்ஜர் வெறும் 5 வோல்ட்தானே டாக்டர், அது என்ன செய்துவிடும்?"

5 வோல்ட் என்பது போனில் செருகும் முனையில். சுவரில் செருகும் பக்கம் வீட்டு மின்சாரம், பல நாடுகளில் 230 வோல்ட். இரண்டுக்கும் நடுவே இருப்பது அடாப்டருக்குள் மின்சாரத்தைத் தடுக்கும் காப்பு மட்டுமே. மட்டமான சார்ஜரில் அது பழுதானால், சுவரில் இருக்கிற மின்சாரம் ஒயர் வழியே கைக்கு வந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் குளியல் தொட்டி ஓரம் வரை இழுத்து வைக்கிறவர்களும் உண்டு. அது தண்ணீரில் விழுந்தால் சார்ஜர் எவ்வளவு தரமானதாக இருந்தும் பயனில்லை.

ஒரு பெண்ணின் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. குளித்துக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்திருக்கிறது. ஈரம் சொட்டச் சொட்ட வந்து, சார்ஜில் கிடந்த போனை எடுத்திருக்கிறார். "விடத்தான் நினைத்தேன் டாக்டர், கை கேட்கவில்லை" என்றார். அது பிரமை இல்லை. உடலில் பாயும் கரண்ட் சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே, அது மிகச் சின்ன அளவுதான், தசை இறுகி, விரல்கள் தானாக மூடிக்கொள்ளும். காய்ந்த தோல் கரண்டை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலில் அந்தத் தடை பல மடங்கு குறைந்துவிடும். நல்லவேளை, தம்பி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

உள்ளங்கையில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி, விளிம்பில் மட்டும் கருப்பு. வலியும் அதிகமில்லை. "களிம்பு போட்டால் போதாதா?" என்று கேட்டார். வலி இல்லாததுதான் எனக்குக் கவலை. நரம்பு முனைகள் கருகியிருந்தால் வலி தெரியாது. மூன்றாம் நாள் திறந்து பார்த்தோம், ஒரு விரலை மடக்கும் தசைநார் வரை வெந்திருந்தது. திரும்பவும் சொல்கிறேன், மேலே தெரிவது மிளகளவு, சேதம் உள்ளே. அந்த விரல் முன்போல மடங்கவே இல்லை.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் புழங்கும் இடத்துக்குப் போன் வந்தால் சார்ஜர் வரக்கூடாது. முதலில் கையைத் துடையுங்கள், அப்புறம் பிளக்.

முதலுதவியை விரிவாகப் பேச நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். மூச்சு இருந்தால், வெந்த இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். பற்பசை வேண்டாம். காயம் சின்னதாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள், இதயத் துடிப்பு தடுமாறியிருக்கலாம். வணக்கம்.