பால் எடுக்கும் நேரத்தில் சிஸ்டரைக் கூப்பிடாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம். செவிலியர்கள் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். ஆனால் நான் பேச வந்தது, வேலைக்கு நடுவில் உங்களைக் கூப்பிடுகிறவர்களிடம்: மருத்துவர்களிடம், நிர்வாகத்தினரிடம்.

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கிலோ எடையில் ஒரு குழந்தை. நாளுக்கு 20 மி.லி. பால் என்று தொடங்குகிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால், ஒரு வேளைக்கு 1.7 மி.லி.கூட வராது. புள்ளி இடம் மாறி 17 ஆகிவிட்டால், கிட்டத்தட்ட ஒரு நாள் பால் முழுவதும் ஒரே வேளையில் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போய்விடும்.

இப்போது சிஸ்டரின் கையைப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுக்கிறார். லேபிளில் தாயின் பெயர், மருத்துவமனை எண், பால் பீய்ச்சிய தேதி, நேரம். உறைந்த பாலென்றால் எப்போது உருகியது என்றும் பார்க்க வேண்டும். செறிவூட்டும் பொடி கலக்க வேண்டுமா? சிரிஞ்சில் அளவு சரியா? இரட்டைக் குழந்தைகள் என்றால் தாய் பெயர் ஒன்றுதான், அளவோ வேறு. அந்த நேரம் பார்த்து, "சிஸ்டர், அந்த ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்று ஒரு குரல். பதில் சொல்லிவிட்டுத் திரும்புகிறார். லேபிளைக் குழந்தையின் கைப்பட்டையோடு ஒப்பிட்டாயிற்று என்றே மனசு சொல்கிறது. ஒப்பிடவில்லை.

வேறொரு தாயின் பால் போய்விட்டால் அது சின்ன விஷயமல்ல. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி வரை விசாரிக்க வேண்டியிருக்கும். இரண்டு குடும்பங்களிடமும் சொல்லியாக வேண்டும்.

சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதைக் கவனித்து, 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறுகள் 12 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தன. அனுபவமுள்ள செவிலியர்களும் இதற்கு விலக்கல்ல. ஆகவே, "கவனமாக இருங்கள்" என்று சுற்றறிக்கை விடுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அமெரிக்க விமானத்துறை 1981லேயே, 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானி அறையில் வேலைக்குத் தேவையற்ற பேச்சு கூடாதென்று விதியாக்கிவிட்டது. விமானியின் மனஉறுதியை மட்டும் நம்பி அவர்கள் இருக்கவில்லை.

"தொந்தரவு செய்யாதீர்" என்று எழுதிய மேலங்கியைச் சிஸ்டருக்கு மாட்டிவிட்டால் மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. அலாரம் அடித்தால் யாராவது ஓடித்தானே ஆக வேண்டும்? அதனால் பால் நேரத்தில் அலாரத்தையும் போனையும் யார் பார்ப்பது என்று ஷிஃப்ட் ஒப்படைக்கும்போதே பெயர் எழுதுங்கள். பாதியில் நின்றுபோனால் லேபிளிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்; தாமதத்துக்கு யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. ஆள் குறைவென்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மணிக்குப் பால் வைக்காமல், அரை மணி நேரம் தள்ளித் தள்ளி வையுங்கள். இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். நாளைக் காலை ஷிஃப்டிலேயே தொடங்கலாம்.