ரோபோ ஆபரேஷன் பண்ணுதுன்னு யார் சொன்னது?

[திரை கறுப்பு. மானிட்டரோட பீப் சத்தம் மட்டும்.]

2001 செப்டம்பர் 7. பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரம். 68 வயசு அம்மா ஒருத்தங்க ஆபரேஷன் டேபிள்ல மயக்கத்துல படுத்திருக்காங்க. பித்தப்பையை எடுக்கணும். எல்லாம் ரெடி. ஆனா ஆபரேஷன் பண்ற டாக்டர் அந்த ரூம்ல இல்ல. அந்த ஆஸ்பத்திரியில இல்ல. அந்தக் கண்டத்துலயே இல்ல! டாக்டர் ழாக் மாரெஸ்கோ நியூயார்க்ல உக்காந்திருக்கார்.

வணக்கம் மக்களே! அவர் அங்க கையை அசைக்க, கடலுக்கு அடியில ஃபைபர் கேபிள்ல சிக்னல் ஓடி, இங்க ஜீயஸ்னு ஒரு ரோபோவோட கை அசையுது. போய்த் திரும்ப 14,000 கிலோமீட்டர். தாமதம் எவ்வளவு தெரியுமா? ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா அதுல 155 பங்கு. ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க, அவ்வளவுதான். ஏதாவது ஆச்சுன்னா பாத்துக்க ஸ்ட்ராஸ்பர்க்ல ஒரு டாக்டர் குழுவும் நின்னுச்சு. 54 நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. ரெண்டு நாள்ல அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க.

இவ்வளவு பெரிய விஷயம் ஏன் நம்ம காதுலயே விழல? தேதியை இன்னொரு தடவை பாருங்க. நாலே நாள்ல செப்டம்பர் 11, இரட்டைக் கோபுரத் தாக்குதல். அதே நியூயார்க்.

சரி, வரலாறு கேப்பீங்க, ஒரே மூச்சுல சொல்லிடறேன். 1985ல பூமா 560ங்கற தொழிற்சாலை ரோபோவை வச்சு மூளையில பயாப்ஸி, அதாவது சோதிக்க ஒரு துளி சதை, எடுத்தாங்க. அப்புறம் போர்க்களத்துல அடிபட்டவனுக்கு தூரத்துல இருந்தே ஆபரேஷன் பண்ண முடியுமான்னு அமெரிக்க ராணுவம் காசு போட்டுச்சு. 2000ல டாவின்சிங்கற ஆபரேஷன் ரோபோவுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ஓவர்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். வீட்ல ஒரு அட்டைப்பெட்டி இருக்கா? மேல ஒரு சின்ன ஓட்டை போட்டு நீளமான பென்சிலை உள்ள விடுங்க. கையை வலது பக்கம் தள்ளுங்க. உள்ள பென்சில் முனை எங்க போகுது? இடது பக்கம்! முன்னாடி தள்ளினா முனை பின்னாடி போகும். சாதாரண லேப்ராஸ்கோப்பி, அதாவது வயித்துல சின்ன ஓட்டை போட்டு நீளக் கருவியை விட்டுப் பண்ற ஆபரேஷன், இதுதான். டாக்டருங்க இத்தனை வருஷமா தலைகீழ் உலகத்துலதான் தையல் போடறாங்க. அதுவும் முக்கால்வாசி கருவிக்கு மணிக்கட்டே கிடையாது. ஊறுகாய் ஜாடிக்குள்ள கரண்டிக் காம்பை விட்டு ஊசியில நூல் கோக்கிற மாதிரி.

டாவின்சி மாத்தினது இதைத்தான். உடம்புக்குள்ள போற குழாய் 8 மில்லிமீட்டர் தடிமன், நுனியில ஒரு குட்டி மணிக்கட்டு. உங்க கை வலது பக்கம் போனா அதுவும் வலது பக்கம். நீங்க மூணு சென்டிமீட்டர் நகத்தினா அது ஒண்ணுதான் நகர்ற மாதிரி வச்சுக்கலாம். கை நடுக்கத்தை நடுவுலயே வடிகட்டிடும்.

[திரையில்: மணிக்கட்டு, மிக அருகில்]

அந்த மணிக்கட்டு எப்படித் திரும்புது? உள்ள மோட்டாரா? இல்லங்க. கயிறு! நூல் மாதிரி மெல்லிசான டங்ஸ்டன் கம்பிகள். பழைய குண்டு பல்புக்குள்ள எரியுமே, அதே உலோகம். பின்னாடி சின்னச் சின்ன வட்டு சுத்துது, கம்பி இழுபடுது, முன்னாடி விரல் மடங்குது. பொம்மலாட்டம் பாத்திருக்கீங்கல்ல? சாட்சாத் அதேதான். ஆட்டுறவர் திரைக்குப் பின்னாடி நிப்பாரு. இங்க டாக்டர் அதே ரூம்ல ஓரமா ஒரு பெட்டிக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நிறைய பேர் செருப்பைக் கழட்டிட்டு சாக்ஸோடதான் பெடல் மிதிப்பாங்க, எந்தப் பெடல்னு காலுக்குத் தெரியணுமாம்.

அதனாலதான் "ரோபோ ஆபரேஷன்"ங்கற பேரைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரியும். அது தானா ஒரு தையல்கூட போடாது. டாக்டர் கையை எடுத்தா அப்படியே நிக்கும். நல்ல கை ஆட்டினா நல்ல ஆட்டம். கத்துக்குட்டி ஆட்டினா... கோடி ரூபா கத்துக்குட்டி ஆட்டம்.

ஆமா, விலை கோடிக்கணக்குல. கருவிகளும் குறிப்பிட்ட தடவைக்கு மேல போனா மெஷின் ஏத்துக்காது. உள்ள ஒரு சிப் எண்ணிக்கிட்டே இருக்கும். பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் ஞாபகம் வருதா? கம்பி தேயும், நியாயந்தான். ஆனா வியாபாரமும் அதுலதான் இருக்கு, மறைக்க வேண்டாம். நம்மூர்ல 2022ல சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கே இந்த வசதி வந்துருச்சு.

எல்லாத்துக்கும் ரோபோதான் பெஸ்டா? இல்ல. 2018ல கருப்பை வாய் புற்றுநோய் பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. சின்ன ஓட்டை வழியா, அதாவது லேப்ராஸ்கோப்பியோ ரோபோவோ, பண்ணவங்கள்ல நாலரை வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க 86 சதவீதம். வயித்தைத் திறந்து பண்ணவங்கள்ல 96.5. தழும்பு சின்னதுங்கறது வேற, நோய் போச்சாங்கறது வேற.

இன்னொரு குறையும் இருந்துச்சு: தொட்டா தெரியாது. நூலை எவ்வளவு இழுக்கிறோம்னு விரலுக்கு உறைக்காது, சதை வெளுக்கறதைக் கண்ணால பாத்துத்தான் நிறுத்தணும். 2024ல அனுமதி வாங்கின டாவின்சி 5லதான் அந்த அழுத்தம் கைக்கு வர ஆரம்பிச்சிருக்கு.

மறக்காம அந்த அட்டைப்பெட்டிக்குள்ள ரெண்டு பென்சிலை விட்டு ஒரே ஒரு முடிச்சு போட்டுப் பாருங்க, எத்தனாவது தடவையில விழுந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. நான் நாலு தடவை பாத்தேன். நூல் இன்னும் பெட்டிக்குள்ளதான் கிடக்கு.