எல்விஸ் ரிகர்சல் டேப்புக்கு ஏன் இவ்வளவு அடிதடி?

வணக்கம் மக்களே. எல்விஸ் பிரெஸ்லி பாட்டு எல்லாம் ஃபோன்லயே கிடைக்குது, அப்புறம் எதுக்கு சில பேரு பழைய ரிகர்சல் கேசட் ஒண்ணுக்காக வருஷக்கணக்கா அலையுறாங்க?

[திரையில்: லாஸ் வேகாஸ், பழைய ஃபோட்டோ]

1970 ஜூலை. அடுத்த மாசம் வேகாஸ் இன்டர்நேஷனல் ஹோட்டல்ல ஷோ, அதை எம்ஜிஎம் டாக்குமெண்டரியா எடுக்குறாங்க, அதனால கல்வர் சிட்டி ஸ்டூடியோவுல பேண்டோட பாடிப் பாக்குறப்பவே கேமரா ஓடுது, சவுண்டும் பதிவாகுது. கிடார் ஜேம்ஸ் பர்ட்டன், டிரம்ஸ் ரானி டட். முன்னாடி டிக்கெட் வாங்கி உக்காந்த கூட்டம் இல்ல, அதான் மேட்டரே. எல்விஸ் பாதி வரியில சிரிச்சிடுவாரு, வேணும்னே வரிய மாத்திக் கிண்டலடிப்பாரு, தன்னோட 1961 ஹிட்டு 'லிட்டில் சிஸ்டர்' பாடிட்டிருக்கும்போதே பீட்டில்ஸோட 'கெட் பேக்'குக்குத் தாவிடுவாரு, பேண்டும் கூடவே ஓடும்.

இதுக்கு முன்னாடி 1968 இருக்கு. பர்பேங்க்ல என்பிசி டிவி ஸ்பெஷல், டிரஸ்ஸிங் ரூம்ல ஆளுங்க சும்மா கிடாரத் தட்டிட்டு உக்காந்திருக்காங்க, டைரக்டர் ஸ்டீவ் பைண்டர் அதைப் பாத்துட்டு இதையே ஷூட் பண்ணணும்னு நின்னாரு, மேனேஜர் கர்னல் பார்க்கர் உள்ள கேமரா வரக்கூடாதுன்னுட்டாரு. அதனாலதான் அதே கச்சேரிய மேடையில போட்டாங்க. அந்த ரூம் டேப்பும் பின்னாடி வெளிய வந்துச்சு.

சரி, ட்ரேடிங், அதாவது ரசிகருங்க இந்த டேப் காப்பிய ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிறது. இங்க முதல் கேள்வி எந்தப் பாட்டுன்னு இல்லங்க, எத்தனாவது ஜெனரேஷன்னு. ஒரிஜினல் ரீல்ல இருந்து ஒரு காப்பி, அதுல இருந்து இன்னொண்ணு, ஒவ்வொரு தடவையும் 'ஸ்ஸ்' சத்தம் ஏறும், ரெண்டு டெக்கும் ஒரே ஸ்பீடுல ஓடலன்னா குரல் கீச்சுன்னு ஆயிடும். கைல மாத்திக்க ஒண்ணும் இல்லாத புதுசுங்க காலி சிடியும் தபால் செலவும் அனுப்பி வாங்கிக்குவாங்க, காசுக்கு விக்கிறது மட்டும் அசிங்கம். ஆனா காசு வாங்கலன்னாலும் பாட்டோட உரிமை ரெக்கார்டு கம்பெனியோடதுதான், அதை யாரும் சத்தமா சொல்றதில்ல.

[திரையில்: ஸ்பெக்ட்ரம் படம்]

இதப் பாருங்க, சத்தத்துல எந்த உயரம் வரைக்கும் என்ன இருக்குன்னு காட்டுற படம். எம்பி3 ஃபைல சிடியில எழுதிட்டு ஒரிஜினல்னு ஏமாத்துவாங்க. டேப்ல இருந்து நேரா வந்ததுன்னா மேல் சத்தம் கொஞ்சம் கொஞ்சமா மங்கும். பிட்ரேட் கம்மியான, அதாவது ரொம்பச் சுருக்குன எம்பி3ன்னா 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கத்தி வச்சு வெட்டுன மாதிரி நேர்கோடு. அதுக்கப்புறம் ஃப்ளாக்கா, அதாவது தரம் குறையாம வைக்கிற ஃபைலா மாத்தினாலும் அந்தக் கோடு போகாது.

நல்ல காப்பி வச்சிருக்கறவன் வெளிய விடமாட்டான், விட்டா எவனாச்சும் பூட்லெக், அதாவது அனுமதியில்லாத திருட்டு சிடி, போட்டு வித்துருவான்னு பயம். எனக்கு அந்தப் பதுக்கல் புடிக்காது, ஆனா பயம் நியாயமானதுதான். 1999ல ரெக்கார்டு கம்பெனியே 'ஃபாலோ தட் ட்ரீம்'னு கலெக்டருங்களுக்குன்னே லேபிள் ஆரம்பிச்சு, ரிகர்சலையும் நல்ல டேப்ல இருந்து போட ஆரம்பிச்சுது, பல கேசட்டுக்கு அத்தோட மவுசு போச்சு. ஆனா அதுல பேச்சு, அரட்டைய எல்லாம் அங்கங்க வெட்டிருப்பாங்க, அரட்டைக்காகவே கேக்குறவனுக்கு அது பத்தாது.

புதுசா வர்றவங்க முதல்ல அந்த 'ஃபாலோ தட் ட்ரீம்' சிடியில ஒண்ணு ரெண்டு வாங்கிக் காதப் பழக்கிக்கோங்க. அப்புறம் எவனாச்சும் 'மாஸ்டர் (ஒரிஜினல் ரீல்), ரொம்ப ரேர்'னு வந்தா, எங்க இருந்து எங்க காப்பி ஆச்சுன்னு வரிசையாக் கேளுங்க, மழுப்புனா விட்டுருங்க.