14 வயசுக்கு மேல ஸ்கூல்ல சேர்க்க மாட்டோம்னு சொன்னா என்ன பண்ணலாம்?

ஒரு அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காங்க. அவங்க பொண்ணுக்கு செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), சர்டிஃபிகேட்ல 65 சதவீதம் குறைபாடுன்னு போட்டிருக்கு, எட்டாவது முடிச்சாச்சு. ஒன்பதாவது போற நேரத்துல ஸ்கூல்ல கூப்பிட்டு, "இலவசக் கல்வி 14 வயசு வரைக்கும்தான், இனிமே ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். இது சரியா, கவர்மெண்ட்ல இருந்து என்ன உதவி கிடைக்கும், பின்னாடி காலேஜுக்கு என்ன வழின்னு கேக்குறாங்க.

அம்மா, முதல்ல இது சரி கிடையாது. அவங்க சொல்ற 14 வயசு 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல இருக்குறது, ஆனா மாற்றுத்திறனாளிகளுக்குன்னு 2016ல தனியா ஒரு சட்டம் வந்துச்சு, அதுல 31வது பிரிவுல 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு இருக்குற பிள்ளைங்களுக்கு 6ல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமைன்னு தெளிவா இருக்கு. பக்கத்து ஸ்கூலா, ஸ்பெஷல் ஸ்கூலான்றதும் பிள்ளையோட விருப்பம்னுதான் அதுல எழுதியிருக்கு. ஹெச்எம் முடிவு பண்ற விஷயமே இல்ல அது. கூடப் படிச்ச பிள்ளைங்களை விட்டுட்டு அவளை மட்டும் வேற எங்கயோ அனுப்புறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், அவளா ஆசைப்பட்டா அது வேற.

இதுல முக்கியமா ஒண்ணு, வாயால பேசிட்டு வந்துடாதீங்க. ஒரு வெள்ளைப் பேப்பர்ல, என் பொண்ணை ஒன்பதாம் வகுப்புல சேர்க்கணும்னு எழுதி, யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) ஜெராக்ஸ் வச்சு, ஹெச்எம் கையில குடுத்து இன்னொரு காப்பியில கையெழுத்தும் தேதியும் வாங்கிடுங்க, முடியாதுன்னா காரணத்தை எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் எழுத்துல குடுக்க யாரும் முன்வர மாட்டாங்க, அங்கயே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும். அப்பவும் மறுத்தாங்கன்னா அந்தக் காப்பியோட மாவட்டக் கல்வி அலுவலகம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ரெண்டுக்கும் போங்க, அதுக்கும் மேல மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்காரு. யூடிஐடி இன்னும் எடுக்கலன்னா இன்னைக்கே அப்ளை பண்ணுங்க, 65 சதவீதத்துக்கு மஞ்ச கலர் கார்டு வரும், எல்லாத்துக்கும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

அப்புறம் பரீட்சை. கை சரியா வராத பிள்ளைக்கு ஸ்க்ரைப் உண்டு, அதாவது அவ சொல்லச் சொல்ல எழுதுறதுக்கு ஒரு ஆள், அதோட மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் டைம்னு மத்திய அரசோட வழிகாட்டுதல்ல இருக்கு, அப்படின்னா 3 மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூட கிடைக்கும். இதை பத்தாவது பொதுத்தேர்வு நெருங்குறப்போ போய்க் கேட்டு அலையாதீங்க. ஒன்பதாவதுலயே ஸ்கூல் பரீட்சைக்கு ஸ்க்ரைப் வச்சு எழுத வைங்க, ஏன்னா பக்கத்துல ஒருத்தரை வச்சுக்கிட்டு சொல்லிச் சொல்லி எழுத வைக்கிறது அவளுக்குப் பழகணும், கணக்கு, படம் வரையுற கேள்வியெல்லாம் வாயால சொல்றது சுலபம் கிடையாது. பொதுத்தேர்வுக்கு ஸ்கூல் மூலமாத்தான் மெடிக்கல் சர்டிஃபிகேட்டோட விண்ணப்பம் போகணும்.

பண உதவின்னு பார்த்தா ஒன்பது, பத்துக்கு மத்திய அரசு மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்குக் குடுக்குற ப்ரீ மெட்ரிக் ஸ்காலர்ஷிப், பதினொன்னுல இருந்து போஸ்ட் மெட்ரிக், வருஷ வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல போடணும். மாநில அரசு உதவித்தொகையும் தனியா இருக்கு, ஆனா ஒரே நேரத்துல ரெண்டு ஸ்காலர்ஷிப் வாங்க முடியாது, எது உங்களுக்கு லாபம்னு நல அலுவலகத்துல கேட்டுட்டு போடுங்க. அரசுப் பள்ளியில படிக்கிற மாற்றுத்திறனாளிப் பொண்ணுங்களுக்கு சமக்ர சிக்ஷான்ற பள்ளிக் கல்வித் திட்டத்துல மாசம் 200 ரூபா, 10 மாசத்துக்கு உண்டு. ரொம்பக் கம்மிதான், எனக்கும் அதுல வருத்தம் இருக்கு, இருந்தாலும் விட்டுடாதீங்க. பணத்தை விட பெரிய உதவி வட்டார வள மையத்துல இருக்குற சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபியும், உங்க பிளாக்ல என்னைக்கு வர்றாங்கன்னு கேட்டு அவ பேரைப் பதிஞ்சுடுங்க.

காலேஜைப் பத்தியும் கடைசியில கேட்டிருந்தீங்க. அரசு, அரசு உதவி பெறுற காலேஜ் எல்லாத்துலயும் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு இருக்குறவங்களுக்கு குறைஞ்சது 5 சதவீதம் சீட் ஒதுக்கணும், வயசு வரம்புல 5 வருஷம் தளர்வும் இருக்கு, அதனால ஆபரேஷன், தெரபின்னு நடுவுல ஒரு வருஷம் போச்சுன்னாலும் பயப்படாதீங்க.