பர்க்கன்ஹெட் பார்க்: 1847ல திறந்த மக்கள் பூங்காவ எப்படி மீட்டெடுத்தாங்க?

எல்லாருக்கும் வணக்கம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்க சினிமாலயாவது பாத்திருப்பீங்க, அந்த பார்க்கோட ஐடியா எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா நேரா இங்கிலாந்துல ஒரு துறைமுக ஊர்ல, ஒரு பேக்கரி கடை வாசல்ல போய் நிக்கும். 1850ல ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட்னு ஒரு அமெரிக்க இளைஞர் அந்தப் பக்கமா நடந்தே ஊர் சுத்திட்டு இருந்தாரு, பன் வாங்கலாம்னு கடைக்குள்ள போனப்ப, எங்க ஊர் புது பார்க்க பாக்காம போயிடாதீங்கன்னு பேக்கரிக்காரர் வற்புறுத்தி அனுப்பி வச்சாரு. அவரும் போய் பாத்தாரு. ஜனநாயக நாடுன்னு பேர் வச்சிருக்கிற எங்க அமெரிக்காவுல இந்த மாதிரி மக்களுக்கான ஒரு தோட்டம் இல்லையேன்னு பின்னாடி எழுதுனாரு. 1858ல சென்ட்ரல் பார்க்குக்கு டிசைன் போட்டது இவரும் கால்வெர்ட் வாக்ஸும் சேர்ந்துதான்.

அந்த ஊர் பர்க்கன்ஹெட். லிவர்பூலுக்கு நேர் எதிர்ல, மெர்சி ஆத்துக்கு அக்கரையில இருக்கு. இந்த வீடியோவுல அந்த பார்க் எப்படி உருவாச்சு, எப்படி பாழாச்சு, எப்படி திரும்ப மீட்டாங்கன்னு பாக்கலாம். ஒண்ண மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். பார்க்க மீட்கிறதுன்னா கேட்டுக்கு பெயிண்ட் அடிச்சு நாலு பெஞ்ச் போட்டு செடி வைக்கிறதுன்னு நினைச்சா, இந்த பார்க்கோட அருமை நமக்குப் பிடிபடவே பிடிபடாது.

திரையில்: 1840கள் பர்க்கன்ஹெட் வரைபடம்

1801ல இங்க மொத்தமே 110 பேர்தான். அப்புறம் ஸ்டீம் ஃபெர்ரி வந்துச்சு, வில்லியம் லேர்டோட தொழிற்சாலையும் கப்பல் கட்டுற வேலையும் வந்துச்சு, 1841ல ஜனத்தொகை 8,000த்த தாண்டிடுச்சு. ஊர் இந்த வேகத்துல வளர்ந்தா என்ன ஆகும், இருக்கிற வெத்து நிலமெல்லாம் வீடாயிடும், காத்து வாங்கக்கூட இடம் இருக்காது. ஆத்துக்கு அந்தப் பக்கம் லிவர்பூல்ல நடந்தத இவங்க கண்ணால பாத்துட்டு இருந்தாங்க. அதனால 1841லயே ஐசக் ஹோம்ஸ்ங்கிறவர் ஊருக்கு ஒரு பார்க் வேணும்னு கேட்டாரு. 1843ல பார்லிமென்ட்ல ஒரு சட்டமே வாங்கினாங்க, மக்கள் பணத்துல நிலம் வாங்கலாம், ஆனா அதுல குறைஞ்சது 70 ஏக்கர் ஊர் ஜனங்க இலவசமா வந்து போறதுக்கு ஒதுக்கணும்னு.

இதுக்கு முன்னாடி பார்க்கே இல்லையான்னு கேக்கலாம். இருந்துச்சு. டெர்பியில 1840லயே ஒரு பணக்காரர் தானமா கொடுத்த தோட்டம் இருந்துச்சு, ஆனா அங்க வாரத்துல ரெண்டு நாள்தான் ஃப்ரீ, மத்த நாள் டிக்கெட். லண்டன்ல ராஜாங்க நிலத்துல பார்க் இருந்துச்சு. ஒரு ஊர் தன்னோட சொந்தக் காசுல, எல்லா நாளும் எல்லாரும் வரலாம்னு கட்டுனதுல இதுதான் முதல்னு சொல்லுவாங்க.

காசுக்கு என்ன பண்ணாங்கங்கிறது இன்னும் சுவாரசியம். 226 ஏக்கர் வாங்குனாங்க, அதுல 125 ஏக்கர பார்க்காக்கிட்டு சுத்தி இருந்த மிச்சத்த வீட்டு மனையா வித்தாங்க. பார்க்க பாத்த மாதிரி வீடுன்னா மனை விலை ஏறும்ல, அந்தக் காசு பார்க் செலவுக்கு. வசதியானவங்க வீட்டு ஜன்னல்லேருந்து பாக்குற அதே புல்வெளியில கப்பல் பட்டறைத் தொழிலாளியோட பிள்ளைங்க விளையாடலாம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சிருக்கு.

டிசைன் பண்ணவர் ஜோசஃப் பாக்ஸ்டன், டெவன்ஷயர் பிரபுவோட தலைமைத் தோட்டக்காரர், பின்னாடி 1851ல லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ் கட்டுனாரே அவரேதான். அவர் கையில கிடைச்ச நிலம் என்னன்னா, தண்ணி தேங்குற மேய்ச்சல் சதுப்பு. அவருக்கே நிலம் திருப்தியா இல்ல, ஆனா மோசமான சரக்க வச்சு நல்லதா ஒண்ணு செஞ்சா பேரு எனக்குத்தானேன்னு எழுதியிருக்காரு.

இங்கதான் விஷயமே இருக்கு. சதுப்போட தண்ணிய வடிக்க ரெண்டு ஏரி வெட்டுனாரு. வெட்டுன மண்ண வெளிய கொண்டு போகாம பக்கத்துலயே மேடு மேடா குவிச்சு குன்று மாதிரி ஆக்கிட்டாரு. மதுரையில வண்டியூர் தெப்பக்குளத்துல தோண்டுன மண்ணுலதான் நாயக்கர் மஹாலுக்கு செங்கல் அறுத்தாங்கன்னு சொல்வாங்கல்ல, அதே புத்திதான். ஏரியும் நேரா இருக்காது, வளைஞ்சு நெளிஞ்சு நடுவுல தீவோட இருக்கும், எங்க நின்னு பாத்தாலும் முழு ஏரியும் தெரியாது, அடுத்த வளைவுல என்ன இருக்குன்னு பாக்க கால் தானா நடக்கும். குதிரை வண்டி ரோடு தனி, நடக்குற பாதை தனி. அதாவது அங்க போற ஒருத்தர் இயற்கைன்னு நினைக்கிற பள்ளம் மேடு முக்காவாசி ஆள் வச்சு வெட்டிப் போட்டது. ஒரு கோயிலோ அரண்மனையோன்னா கல்லுதான் பாரம்பரியம், இங்க மண்ணோட உருவமே பாரம்பரியம்.

1847 ஏப்ரல் 5 திறப்பு விழா, அதே நாள்ல ஊரோட கப்பல் துறையையும் திறந்தாங்க. சாக்கு ஓட்டம், சோப்பு தடவுன பன்றி வாலப் பிடிக்கிற போட்டின்னு ஊரே திருவிழாதான்.

திரையில்: பாசி படிந்த குளம், உடைந்த பெஞ்ச்

அப்புறம் எப்படி பாழாச்சு? ஒரே நாள்ல இல்ல. ஆரம்பத்துல எட்வர்ட் கெம்ப்னு ஒருத்தர், பாக்ஸ்டனோட ஆளு, பல வருஷம் கூடவே இருந்து பாத்துக்கிட்டாரு. 20ஆம் நூற்றாண்டு பின்பாதியில நிலைமை மாறுது. கப்பல் தொழில் படுத்துடுச்சு, ஊர்ல வேலை இல்ல, கவுன்சில்கிட்ட, அதாவது ஊர் நிர்வாகத்துகிட்ட, காசு இல்ல. இதுல பெரிய சிக்கல் என்னன்னா, இங்கிலாந்துல கவுன்சிலுக்கு பார்க் பராமரிப்பு சட்டப்படி கட்டாயமான வேலையே கிடையாது, அதனால பட்ஜெட்ட வெட்டணும்னா முதல்ல கத்தி விழுறது பார்க் மேலதான். 1988 சட்டத்துக்கு அப்புறம் புல் வெட்டுறது, செடி பராமரிக்கிறதுக்கெல்லாம் கவுன்சில்கள் டெண்டர் விட்டே ஆகணும்னு வந்துச்சு, அதுல நாட்டுல பல பார்க்குகள்ல நிரந்தரமா இருந்த தோட்டக்காரர் போயி, வாரம் ஒருக்கா வந்து மெஷின்ல புல்ல வெட்டிட்டுப் போற கான்ட்ராக்ட் ஆளுங்க வந்தாங்க. எந்த வடிகால் எங்க அடைக்கும், எந்த மரம் எப்ப சாயும்னு தெரிஞ்ச ஆள் போயிட்டாரு, அந்த நஷ்டத்த யாரும் கணக்குல எழுதல.

இதுல ஏரி எப்படி சாகுதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லணும். வெட்டுன ஏரியில ஓட்டம் கம்மி. வருஷா வருஷம் இலை விழுது, கரை மண்ணு கரைஞ்சு இறங்குது, வாத்துக்கு போடுற ரொட்டி, வாத்தோட எச்சம், எல்லாம் அடியில வண்டலா படியுது. அது மக்கும்போது தண்ணியில உள்ள ஆக்சிஜன இழுத்துக்கும், கூடவே சத்தையும் வெளியிடும், ஆழம் குறைஞ்சதால தண்ணி சீக்கிரம் சூடாகும், இது மூணும் சேர்ந்தா பாசி கண்டபடி வளரும், மீன் சாகும், நாத்தம் அடிக்கும், ஜனங்க அந்தப் பக்கம் வர்றத நிறுத்திடுவாங்க. ஜனம் வராத இடத்துல யாரு என்ன வேணா உடைக்கலாம். அதனாலதான் ஏரி சரியில்லன்னா பார்க்கே சரியில்லன்னு நான் நினைக்கிறேன்.

மீட்பு எப்படி வந்துச்சுன்னா, 1977ல இந்த பகுதிய பாதுகாப்பு பகுதியா அறிவிச்சாங்க. 1995ல இங்கிலாந்தோட வரலாற்றுத் தோட்டங்கள் பட்டியல்ல உச்ச தரமான கிரேட் 1 கிடைச்சுது. காசுக்கு வழி லாட்டரி. 1994ல அங்க நேஷனல் லாட்டரி ஆரம்பிச்சாங்க, டிக்கெட் காசுல ஒரு பங்கு பாரம்பரிய பாதுகாப்புக்குப் போகும், 1996ல அந்த ஃபண்ட்ல நகரப் பூங்காக்களுக்குன்னே ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. லாட்டரி, ஐரோப்பிய நிதி, கவுன்சில் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 1.15 கோடி பவுண்ட், 2008ல வேலை முடிஞ்சுது.

என்ன பண்ணாங்க? ஏரி தண்ணிய முழுசா வடிச்சாங்க. சுத்தம் பண்ணி, கரையத் திரும்ப உருவாக்குனாங்க. ரோமன் போட்ஹவுஸ்னு தண்ணியோரமா ஒரு கட்டடம், ஸ்விஸ் பிரிட்ஜ்னு கூரை போட்ட மரப்பாலம், அயோனிக்னு சொல்ற பழைய கிரேக்க பாணி தூணோட இருக்கிற பிரம்மாண்டமான கிராண்ட் என்ட்ரன்ஸ் எல்லாத்தையும் சீர் பண்ணாங்க. பாதைகள சரி செஞ்சு, மரம் நட்டு, விசிட்டர் சென்டர் ஒண்ணும் கட்டுனாங்க.

இந்த மாதிரி பழைய பார்க் வேலையில மனசுக்குக் கஷ்டமான ஒரு பகுதி மரம் எடுக்கிறது. டிசைன் பண்ணவர் இந்த மேட்டுலேருந்து அந்தப் பாலம் தெரியணும்னு வச்சிருப்பாரு, 100 வருஷத்துல தானா முளைச்ச மரமும் புதரும் அந்தப் பார்வைய மறைச்சிருக்கும். பழைய வரைபடம், போட்டோ எல்லாம் வச்சு எது நட்டது எது தானா வந்ததுன்னு பிரிச்சுப் பாத்துதான் கை வைப்பாங்க. மரத்த வெட்டுறாங்கன்னு ஜனங்க கோவப்படுறது நியாயம்தான், ஆனா கண்ணு மண்ணு தெரியாம புதரா அடைஞ்ச பாதையில சாயங்காலம் ஒரு பொண்ணு தனியா நடந்து போக மாட்டா, அதையும் சேர்த்துத்தான் யோசிக்கணும்.

திரையில்: சென்னை சென்ட்ரல், ரிப்பன் பில்டிங்

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1859ல சென்னை கவர்னரா வந்த சார்ல்ஸ் ட்ரெவெல்யன் இதே மாதிரி பீப்பிள்ஸ் பார்க்னே பேர் வச்சு 116 ஏக்கர்ல ஒரு பூங்கா கொண்டு வந்தாரு, இப்ப சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கிற பக்கம்தான். உள்ள குளங்க இருந்துச்சு, 1863லேருந்து மிருகக்காட்சி சாலையும் இருந்துச்சு. அப்புறம் மூர் மார்க்கெட் வந்துச்சு, 1913ல ரிப்பன் பில்டிங், அப்புறம் ஸ்டேடியம், ரயில்வேன்னு ஒவ்வொண்ணா உள்ள வந்துச்சு, 1985ல மிருகங்களும் வண்டலூருக்குப் போயிடுச்சு. வந்தது ஒவ்வொண்ணும் ஊருக்குத் தேவையானதுதான், நான் மறுக்கல. ஆனா பர்க்கன்ஹெட்ல பாழாப் போன பார்க்க மீட்க முடிஞ்சதுக்குக் காரணம், அந்த 125 ஏக்கரும் பாழா இருந்தாலும் பார்க்காவே இருந்துச்சு. வண்டல அள்ளிடலாம். மேல கட்டடம் வந்துட்டா எத அள்ளுறது? இத நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரியுது.

2023 ஏப்ரல்ல பர்க்கன்ஹெட் பார்க்க யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடத்துக்கான பிரிட்டனோட உத்தேசப் பட்டியல்ல சேத்தாங்க. இது அங்கீகாரம் இல்ல, பரிந்துரைக்குப் போறதுக்கு முந்தின படி, இனிமே பெரிய ஆவணம் தயார் பண்ணணும், ஆய்வுக்கு ஆள் வருவாங்க, வருஷக்கணக்குல ஆகும். லிவர்பூல் பக்கம் போறவங்க லைம் ஸ்ட்ரீட்லேருந்து மெர்சிரெயில் பிடிச்சா பர்க்கன்ஹெட் பார்க்னு ஸ்டேஷனே இருக்கு, இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா போதும், டிக்கெட் கிடையாது. போனீங்கன்னா கிராண்ட் என்ட்ரன்ஸ்ல செல்ஃபி எடுத்துட்டு திரும்பிடாம ஏரிக்கரையோட முழுசா ஒரு சுத்து நடங்க, மேடு எங்கெல்லாம் ஏறுதுன்னு பாருங்க, ஏன்னா அந்த மண்ணு பூரா பக்கத்துல இருக்கிற ஏரியிலேருந்து வந்தது.